கனிம ஆய்வுக்கு உட்கட்டமைப்பு வரைபடம் தயாரிப்பது எப்படி: சிவகங்கை கிராபைட் பகுதியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிவகங்கை மாவட்டத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் சாலை போகும் ஒரு சுரங்கப்பாதை. இரவு பதினொன்றரை மணி. துளையிடும் ரிக் வண்டி அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. மேலே மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாகப் பூசிய உயரத் தடுப்புக் கம்பி. ஓட்டுநர் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் டேப்பைப் பிடித்து அளந்தார். கம்பி 3.6 மீட்டர் உயரத்தில் இருந்தது. துளையிடும் கோபுரமான மாஸ்ட்டைப் படுக்க வைத்த நிலையிலும் வண்டி 4 மீட்டரைத் தாண்டியது.

“தம்பி, உங்க மேப்புல ரோடு இருக்கு. இந்தக் கம்பி இல்லையே?” என்றார்.

“இல்லண்ணே” என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வரைபடத்தை வரைந்தவன் நான்தான். சுற்றுப்பாதையில் போய் இடத்தைச் சேர விடிந்துவிட்டது. ஒரு நாள் துளைப்பு வேலை போயிற்று.

அன்றிலிருந்து உட்கட்டமைப்பு வரைபடத்தில் ஒரு கோடு போடும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இதில் நம் வண்டி போகுமா? எந்த மாதத்தில் போகும்? யாரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் இருக்கும். கனிமம் பூமிக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று சொல்வது நிலவியல் வரைபடம். அந்த இடத்துக்குப் போக, அங்கே வேலை செய்ய, எடுத்ததை வெளியே கொண்டுவர என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது உட்கட்டமைப்பு வரைபடம். முன்னதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம். பின்னதை அறிக்கை அனுப்புவதற்கு முந்தைய நாள் மாலையில் போட்டு முடிக்கிறோம். இது மாற வேண்டும்.

உதாரணத்துக்குச் சிவகங்கையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நகரத்தை ஒட்டிய புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தியுடையநாதபுரம் பக்கம் கிராபைட் படிவு இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் நடத்துகிறது. 2023-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராபைட்டும் உண்டு. ஆய்வு வேலை கூடப்போகும் பகுதி. நிலம் தட்டை, ஊர்கள் நெருக்கம், கண்மாய்கள் ஏராளம். வரைபடம் போடுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

1. யார் பார்க்கப்போகிறார்கள்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முதலீடு செய்கிறவருக்குத் துறைமுகம் எவ்வளவு தூரம், மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது வேண்டும். ரிக் ஓட்டுநருக்குப் பாலத்தின் உயரமும் வளைவும் வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் பார்க்கிறவருக்குச் சர்வே எண்ணும் புறம்போக்கும் வேண்டும். ஊர்க்காரருக்குத் தன் கண்மாயும் கோயிலும் எங்கே என்று தெரிய வேண்டும்.

வெளிநாட்டுப் பங்குச் சந்தைக்குப் போகும் அறிக்கை என்றால் விதிமுறையே இதைக் கேட்கும். கனடாவின் என்.ஐ. 43-101 வடிவத்தில் ஐந்தாம் பகுதி முழுக்க அணுகுவழி, தட்பவெப்பம், உள்ளூர் வளங்கள், உட்கட்டமைப்பு, நிலத்தோற்றம் பற்றியது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் 2012 விதித்தொகுப்பும் தன் முதல் அட்டவணையில் உட்கட்டமைப்பைத் தனியாகக் கேட்கிறது: ஆலைக்கு நிலம், மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து, வேலையாட்கள், தங்குமிடம். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொண்டால், எந்த லேயர் (ஒரே வகைத் தகவல் உள்ள வரைபட அடுக்கு) விடுபட்டது என்று தேடவே வேண்டாம்.

2. ஒரு வரைபடம் போதாது, மூன்று வேண்டும்

எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தூத்துக்குடி துறைமுகமும் துளைக்கிணற்றுப் புள்ளியும் ஒரே அளவில் தெரியாது. நான் வைத்திருக்கும் முறை இது. வட்டார வரைபடம் 1:5,00,000 அளவில், மதுரையிலிருந்து தூத்துக்குடி, தொண்டி வரை. சுற்றுவட்டார வரைபடம் 1:50,000 அளவில், ஆய்வுப் பகுதியைச் சுற்றி 15 கிலோமீட்டர். தள வரைபடம் 1:5,000 அளவில், சர்வே எண்கள் படிக்கும்படி. முதலாவது அரை நாள் வேலை. இரண்டாவதும் மூன்றாவதும்தான் உங்கள் நேரத்தைக் கேட்கும், கொடுக்கவும் வேண்டும்.

3. ப்ரொஜெக்ஷனை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

பூமி உருண்டை, தாள் தட்டை. இடையில் ஒரு கணக்கு இருக்கிறது, அதுதான் ப்ரொஜெக்ஷன். அதில் தவறினால் பின்னால் எதுவும் பொருந்தாது.

சிவகங்கை கிழக்குத் தீர்க்கரேகை 78.48 பாகையில் இருக்கிறது. பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூ.டி.எம். முறையில் 78 முதல் 84 பாகை வரை 44-வது மண்டலம். ஆகவே ஜி.பி.எஸ். பயன்படுத்தும் புவி மாதிரியான டபிள்யூ.ஜி.எஸ். 84, மண்டலம் 44 வடக்கு, அதாவது குறியீட்டு எண் ஈ.பி.எஸ்.ஜி. 32644 என்று கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மதுரை இதே மண்டலத்தில்தான் வரும், ஆனால் திண்டுக்கல் 78 பாகைக்குச் சற்று மேற்கே இருப்பதால் 43-வது மண்டலத்துக்குப் போய்விடும். திண்டுக்கல் பக்கம் ஒருவர் ஜி.பி.எஸ்.ஸில் எடுத்த கிழக்கு, வடக்கு எண்களை மண்டலம் பார்க்காமல் உங்கள் கோப்பில் ஒட்டினால், புள்ளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும். இவ்வளவு பெரிய தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும், பயமில்லை.

பயப்பட வேண்டியது சிறிய தவறுக்குத்தான். பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்கள் (நிலத்தோற்ற வரைபடத் தாள்கள்) எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய புவி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. அதன் அட்ச, தீர்க்க எண்களை அப்படியே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று எடுத்துக்கொண்டால், நம் பகுதியில் சுமார் 200 மீட்டர் விலகல் வரும். 1:50,000 தாளில் அது 4 மில்லிமீட்டர். பார்த்தால் சரிபோலவே தோன்றும். தளத்தில் நின்றால் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். பழைய தாளை ஸ்கேன் செய்து பொருத்தும்போது, இன்றும் மாறாமல் இருக்கும் நான்கைந்து இடங்களை (கோயில் கோபுரம், ரயில் பாலம், கண்மாயின் மிகைநீர் வழியும் கலுங்கு) செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் அடிப்படைப் புவி மாதிரியான டேட்டம்தான் காரணம்.

இன்னொன்று, சிவகங்கை மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் வரைபடத் தூரம் உண்மைத் தூரத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் கூடுதலாக வரும். உட்கட்டமைப்பு வரைபடத்துக்கு இது பொருட்டே இல்லை. துல்லியமான டிஜிபிஎஸ் சர்வேயோடு ஒப்பிடும்போது ஏன் வித்தியாசம் வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

4. தரவு எங்கே கிடைக்கும்?

1:50,000 டோப்போ ஷீட்களைச் சர்வே ஆஃப் இந்தியா இணையத்தில் தருகிறது. பழைய எண் முறையில் சிவகங்கை நகரம் 58 கே/5 தாளின் கிழக்கு ஓரத்தில் விழும். கொஞ்சம் கிழக்கே போனாலும் 58 கே/9 வேண்டும். ஆகவே இரண்டையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய ஓப்பன் சீரிஸ் தாள்களின் எண் முறை வேறு. பழைய அறிக்கைகளில் பழைய எண்தான் இருக்கும், அதனால் இரண்டையும் குறித்து வையுங்கள்.

நிலவியல் தரவுக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளம். செயற்கைக்கோள் படத்துக்கு இஸ்ரோவின் புவன், ஐரோப்பாவின் சென்டினல்-2. சென்டினலில் ஒரு பிக்சல் 10 மீட்டர், ஐந்து நாளைக்கு ஒரு படம், இலவசம். சாலைகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல தொடக்கம். கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற செருகியை வைத்துக்கொண்டால் சாலை, ரயில், மின்கோபுரம் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். நிலத்துக்குத் தமிழ்நிலம் தளம், வட்டாட்சியர் அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர்.

உயரத் தரவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிக்சல் 30 மீட்டர் கொண்ட உயர மாதிரிகள் மலைப்பகுதியில் பெரிய உதவி. சிவகங்கை போன்ற தட்டையான மண்ணில் அவ்வளவாக உதவாது. இங்கே நிலத்தின் போக்கைத் தீர்மானிப்பது இரண்டு மூன்று மீட்டர் உயரமுள்ள கண்மாய்க் கரைகள். அந்த மாதிரியில் அவை சரியாக விழுவதில்லை. சரிவு வரைபடம் ஒன்றை அழகாக வண்ணம் தீட்டி அறிக்கையில் சேர்ப்பதைவிட, கரைகளைக் கையால் வரைவதுதான் பயன் தரும்.

இறக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதை உடனே எழுதுங்கள். எல்லா லேயர்களையும் ஒரே ஜியோபேக்கேஜ் கோப்பில் வைத்தால் தொலையாது.

5. பாதைகள்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

வட்டார அளவில் வேலை எளிது. மதுரையிலிருந்து சிவகங்கை வழியாகத் தொண்டி போவது தேசிய நெடுஞ்சாலை 85. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமேஸ்வரம் போவது 87. மதுரை, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போவது 38. இவற்றை வரைந்து பெயரும் எண்ணும் போட்டால் போதும். நேர்கோட்டுத் தூரத்தை மட்டும் எழுதாதீர்கள். சாலைத் தூரத்தையும், சரக்கு லாரிக்கு ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். கைப்பேசி காட்டும் நேரம் காருக்கானது.

கடைசி பத்துக் கிலோமீட்டரில்தான் வேலை இருக்கிறது. சாலை லேயருக்குப் பண்புப் பட்டியலை இப்படி வைக்கிறேன்: தளம் (தார், சிமெண்ட், கிராவல், மண்), குறைந்த அகலம், உயரத் தடை, பாலம் அல்லது தாம்போதி (தண்ணீர் மேலே ஓடும் தரைப்பாலம்), மழைக்காலத்தில் போகுமா, யாருடைய பாதை, நேரில் பார்த்த தேதி. ஏழே பத்திதான். ஒரு கோடு அடையாளத்திலிருந்து தகவலாக மாறுவது இந்த ஏழில்தான்.

தடைகளைத் தனி லேயராகப் புள்ளி வைத்துப் போடுங்கள். ரயில் கேட்டுகளை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டிய இடங்கள் தென்மாவட்டங்களில் நிறைய. வெயில் காலத்தில் உயரம் மட்டும்தான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அப்புறம் ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் வளைவுகள். அலங்கார வளைவு, கோயில் வளைவு, இரண்டு பக்கமும் திண்ணை நீட்டிய தெரு. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி. தாம்போதிகள். ஒவ்வொன்றிலும் டேப் பிடித்து அளந்து, எண்ணை எழுதுங்கள். “குறுகலான பாலம்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “அகலம் 3.1 மீட்டர்” என்று எழுதினால் ஓட்டுநர் முடிவு செய்துவிடுவார்.

கண்மாய்க் கரைமேல் போகும் பாதை வரைபடத்தில் ரொம்ப நேராக, கவர்ச்சியாகத் தெரியும். அதில் ரிக் வண்டியை ஏற்ற நினைக்காதீர்கள். கரை மண்ணால் ஆனது. இருபது டன்னுக்கு மேற்பட்ட வண்டி ஏறினால் அமுங்கும், மடை உடையும். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் நிற்காமல் போனால் பாதிப்பு ஒரு ஊருக்கே. இந்தக் கோடுகளைத் தனி நிறத்தில் போட்டு, “கனரக வாகனம் கூடாது” என்று எழுதிவிடுங்கள்.

வண்டிப்பாதை புறம்போக்கு என்று ஆவணத்தில் இருக்கும் பாதை, நிலத்தில் வேலி போட்டு மூடப்பட்டிருக்கலாம். ஆவணத்தில் இல்லாத பாதையில் ஊரே முப்பது வருடமாக நடந்துகொண்டிருக்கலாம். இரண்டையும் வெவ்வேறு கோடாகக் காட்ட வேண்டும். முதலாவதில் உரிமை இருக்கிறது, வழி இல்லை. இரண்டாவதில் வழி இருக்கிறது, உரிமை ஒரு பட்டாதாரரிடம் இருக்கிறது. அவரிடம் பேசாமல் போகக் கூடாது.

6. தண்ணீர்

கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுக்கும் ரிக் ஒன்றுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். கிராபைட்டைக் கல்லிலிருந்து பிரிப்பது அரைத்து, நீரில் மிதக்கவிட்டு எடுக்கும் முறை. ஆகவே ஆலை நிலைக்குப் போனாலும் தண்ணீர்தான் முதல் கேள்வி. சிவகங்கையோ வறண்ட மாவட்டம். வரைபடத்தில் தண்ணீர் லேயர் அலட்சியமாக இருந்தால் திட்டமே அலட்சியமானது என்று எடுத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு செயற்கைக்கோள் படத்தை வைத்து நீர்நிலைகளை வரையாதீர்கள். மே மாதப் படத்தில் கண்மாய் வெறும் பொட்டல். முகாம் போட, கோர் பெட்டிகளை அடுக்க அருமையான இடம் என்று தோன்றும். அதே இடத்தின் டிசம்பர் அல்லது ஜனவரிப் படத்தைப் பாருங்கள், கரை ததும்பும். இந்தப் பகுதிக்கு மழை அதிகம் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். ஆகவே குறைந்தது இரண்டு படம்: ஒன்று கோடை, ஒன்று மழை முடிந்ததும். சென்டினல்-2ல் பச்சைப் பட்டையையும் அகச்சிவப்புப் பட்டையையும் வைத்து நீர்க் குறியீடு கணக்கிட்டால் நிற்கும் தண்ணீர் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு ஏமாற்றம் சீமைக் கருவேலம். கண்மாயின் உள்வாய் முழுக்க அது வளர்ந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் காடு போலவே தெரியும். தானியங்கி நிலப்பயன்பாட்டு வகைப்பாடு அதை மரக்காடு என்று எழுதிவிடும். ஆவணத்தில் அது நீர்நிலைப் புறம்போக்கு. கிராம வரைபடத்தோடு ஒப்பிடாமல் இதைத் தீர்க்க முடியாது.

வரைய வேண்டியது கண்மாயின் பரப்பு மட்டுமில்லை. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் நான்கும் வேண்டும். குறிப்பாகக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். அது ஒரு மீட்டர் அகலப் பள்ளமாக இருக்கும், கோடையில் புல் மூடிக் கிடக்கும், எந்தச் செயற்கைக்கோளிலும் தெரியாது. அதன் குறுக்கே நீங்கள் ரிக்குக்குப் பாதை போட மண் கொட்டினால் அந்த வருடம் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலியை அம்புக்குறியோடு காட்டுங்கள். ஊருணியைத் தனிக் குறியீட்டில் போடுங்கள், அது குடிக்கும் தண்ணீர்.

கிணறு, ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுக்கும்போது ஆழம், தண்ணீர் மட்டம், எந்தத் தேதியில் அளந்தது என்று எழுதுங்கள். துளைப்பு தொடங்குவதற்கு முன்னால் எடுத்த இந்தக் கணக்கு, பிறகு “உங்களால்தான் கிணறு வற்றியது” என்ற பேச்சு வரும்போது இரண்டு தரப்புக்கும் நியாயம் சொல்லும்.

7. மின்சாரம்

மின்கம்பியை எல்லாம் ஒரே கோட்டில் வரைந்தால் பயனில்லை. 110 கிலோவோல்ட் கோபுர வழி, 33 கிலோவோல்ட், ஊருக்குள் போகும் 11 கிலோவோல்ட், மூன்றுக்கும் தனித்தனிக் கோடு. ஆய்வு முகாமுக்கு 11 போதும், ஜெனரேட்டரும் போதும். அரைக்கும் ஆலைக்குத் துணைமின் நிலையம் எங்கே, அதில் திறன் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோபுரங்கள் செயற்கைக்கோள் படத்தில் நிழலோடு தெரியும். கம்பங்கள் தெரியாது. அவற்றை நடந்துதான் எடுக்க வேண்டும். திறன் பற்றிய விவரம் உள்ளூர் இ.பி. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டியது.

துளைப்புப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் போகும் கம்பிகளைத் தள வரைபடத்தில் சிவப்பில் போடுங்கள். ரிக்கின் மாஸ்ட்டை நிமிர்த்தும்போது மேலே கம்பி இருந்தால் உயிர் போகும். வேறு எந்த லேயரை விட்டாலும் இதை விடக் கூடாது.

8. ரயில், துறைமுகம், மற்றவை

காரைக்குடியிலிருந்து சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு அகல ரயில் பாதை உண்டு. மானாமதுரை சந்திப்பிலிருந்து மதுரைக்கும், விருதுநகருக்கும், ராமேஸ்வரத்துக்கும் பிரிகிறது. ஆனால் ரயில் நிலையக் குறியீடு போட்டுவிட்டால் சரக்கு ஏற்றலாம் என்று பொருளில்லை. கூட்ஸ் ஷெட் இருக்கிறதா, லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஏற்றுமதி என்றால் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். விமானத்துக்கு மதுரை.

மருத்துவமனை, பெட்ரோல் பங்க், கைப்பேசி சிக்னல் இல்லாத பகுதிகள், லேத் பட்டறை, இவை சுற்றுவட்டார வரைபடத்தில் சின்னக் குறியீடுகளாக வந்தால் போதும். சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதால் அவசரப் பாதையைத் துளைப்புத் தளத்திலிருந்து அதுவரை ஒரு கோடாக வரைந்து நேரத்தை எழுதிவிடுங்கள்.

9. நிலம், தடை, ஊரின் நினைவு

தள வரைபடத்துக்குக் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் புலப்படமும்தான் அடிப்படை. சர்வே எண், உட்பிரிவு, வகைப்பாடு (பட்டா, மேய்க்கால், வண்டிப்பாதை, நீர்நிலை, கோயில் நிலம்) ஆகியவற்றை வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். பட்டாதாரர்களின் பெயரை வெளியே போகும் வரைபடத்தில் போடாதீர்கள். பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் இருக்கும், அதாவது 1:3,960. இவற்றைப் பொருத்துவதற்குச் செயற்கைக்கோள் படத்தில் வரப்பைத் தேடுவதைவிட, மூன்று கிராமங்கள் சந்திக்கும் எல்லைக்கல்லில் போய் நின்று ஜி.பி.எஸ். எடுப்பது மேல். கிராமங்களுக்குப் பெயரோடு வருவாய்க் கிராம எண்ணையும் எழுதுங்கள். இந்த மாவட்டத்தில் புதுப்பட்டி என்று பல ஊர்கள் இருக்கின்றன.

தடைப் பகுதிகள் அடுத்து. காப்புக்காடு, சரணாலயம். ஒன்றிய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் முழுத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. சுரங்கக் குத்தகை நிலையில் ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய், பொதுச்சாலை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் விடும் நிபந்தனை வரும். இந்தச் சுற்றளவுகளை பஃபர் கருவியால் இப்போதே போட்டுப் பாருங்கள். மிஞ்சும் நிலம் எவ்வளவு என்பது ஆய்வைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

பட்டியலில் வராதவற்றுக்கு இடம் கொடுப்பதுதான் கடினம். பக்கத்து மதுரை மாவட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலத்தின் 193 ஹெக்டேரும் வந்தது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் அது. தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கைகள், குடைவரைக் கோயில், சுனைகள், ஏரிகள் எல்லாம் உள்ள இடம். 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தது. ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

சுனை எங்கே, படுக்கை எங்கே, எந்த ஏரி எந்த ஊருக்குத் தண்ணீர் தருகிறது என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்களோடு ஒரு வாரம் நடந்தால் எவரும் வரைந்துவிடலாம். சிவகங்கையிலும் அப்படித்தான். கீழடி இருக்கும் மாவட்டம் இது. உழும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைக்கும் மேட்டை ஊர்க்காரர் காட்டினால் அதைப் புள்ளியாகப் பதியுங்கள். குலசாமி கோயில், இடுகாடு, அங்கே போகும் பாதை, ஆடு மாடு தண்ணீருக்குப் போகும் தடம், இவையும் உட்கட்டமைப்புதான். அந்த ஊர் இவற்றின்மேல்தான் ஓடுகிறது.

10. நடந்து சரிபார்த்தல்

கைப்பேசியில் கியூஃபீல்டு செயலியைப் போட்டு, அதே ஜியோபேக்கேஜை ஏற்றிக்கொண்டு இறங்குங்கள். வரைபடத்தில் மூன்று வகைக் கோடு வைத்திருக்கிறேன். நேரில் பார்த்தது முழுக்கோடு. படத்திலிருந்து வரைந்தது விட்டுவிட்ட (இடைவெளி விட்டு வரையும்) கோடு. ஊரில் கேட்டறிந்தது புள்ளிக்கோடு. நாள் போகப்போக விட்டுவிட்ட கோடுகள் குறைந்து முழுக்கோடுகள் கூட வேண்டும். அறிக்கை போகும் நாளில் சில விட்டுவிட்ட கோடுகள் மிச்சமிருந்தால் அப்படியே விடுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டுவது பொய்.

கைப்பேசி ஜி.பி.எஸ். வெட்டவெளியில் 3 முதல் 5 மீட்டருக்குள் காட்டும். பாதைக்கும் பாலத்துக்கும் அது போதும். சர்வே எல்லைக்குப் போதாது.

நடக்கும்போது ஊரில் தண்ணீர் திறந்துவிடும் மடையர் அல்லது நீர்பாய்ச்சி இருந்தால் அவரையும், ஆடு மேய்க்கும் ஒருவரையும் கட்டாயம் சந்தியுங்கள். முதலாமவருக்கு எல்லா வரத்துக்காலும் தெரியும். இரண்டாமவருக்கு எந்த மாதத்தில் எந்தப் பாதை சேறாகும் என்று தெரியும்.

11. தாளில் கொண்டுவருதல்

ஏ0 தாள், இடது பக்கம் பெரிய சட்டத்தில் சுற்றுவட்டாரம், வலது மேல் மூலையில் வட்டார வரைபடம், கீழே குறியீட்டு விளக்கம். அளவுகோல், வடக்கு அம்பு, ப்ரொஜெக்ஷன் பெயர், ஆதாரங்கள், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர். பின்னணியாக நிலவியலைப் போட்டால் வெளிறிய வண்ணத்தில் போடுங்கள். டோப்போ ஷீட் பழக்கப்படி நீர் நீலம், தார்ச் சாலை சிவப்பு, ரயில் கறுப்பு என்றே வைத்துக்கொண்டால் பார்க்கிறவர் விளக்கத்தைத் தேட வேண்டியதில்லை.

முடித்ததும் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அலுவலகங்களில் உங்கள் வரைபடம் ஜெராக்ஸாகத்தான் கோப்பில் சேரும். அப்போது சாலையும் வாய்க்காலும் ஒரே சாம்பல் கோடாகத் தெரிந்தால், நிறத்தை மட்டும் நம்பியிருக்கிறீர்கள் என்று பொருள். கோட்டின் வடிவத்தையும் மாற்றுங்கள்.

ஊருக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்தெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். யூனிகோடு எழுத்துரு போட்டாலும் பி.டி.எஃப். ஆக்கும்போது சில சமயம் கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். ஏற்றுமதி சாளரத்தில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றும் தேர்வைப் போட்டால் சரியாகிவிடும். அச்சுக்குப் போகும் முன் “கொல்லங்குடி”, “காளையார்கோவில்” போன்ற கொம்புள்ள பெயர்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

12. கொடுப்பதும் புதுப்பிப்பதும்

ரிக் ஓட்டுநருக்குத் தனியாக ஏ4 தாளில் ஒரே ஒரு பாதை. புறப்படும் இடத்திலிருந்து துளைப்புத் தளம் வரை, திரும்ப வேண்டிய இடங்கள், ஒவ்வொரு தடையின் உயரமும் அகலமும், திரும்பிக்கொள்ள இடமுள்ள புள்ளிகள், மாற்றுப்பாதை. பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிரதி.

கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில், தை அறுவடைக்குப் பிறகு, ஒரு முறை முழுப் பகுதியையும் மறுபடி நடந்து பாருங்கள். அடித்துப்போன தாம்போதி, புதிதாகப் போட்ட வேலி, மாறிய சுரங்கப்பாதைக் கம்பி எல்லாம் அப்போதுதான் தெரியும். டேப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.